முகத்தைப் பெருவிரலால் மறைத்தவ

பாண் கடையில் மிச்சக் காசு தந்தால் எல்லோரும் அப்படியே பேர்சுக்குள் போட்டுக்கொண்டு போவார்கள். அவ போடமாட்டா. ஒரு யூரோக் குத்தியை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பி, அதில் இருக்கிற கழுகைப் பார்ப்பா. பின்னால் ஆறேழு ஜேர்மன்காரர் வரிசையில் நின்று மூச்சு விடுவது எனக்குக் கழுத்தில் படும். அவவுக்குப் படாது.

"இந்தக் கழுகு ஏன் இப்பிடிச் செட்டையை விரிச்சுக்கொண்டு நிக்குது, பிள்ளை? நிம்மதியா இருக்கிற கழுகு செட்டையை மடிச்செல்லோ வைச்சிருக்கும்."

அதுதான் அவ. எந்தப் படத்தைக் கண்டாலும், எந்தச் சோடினையைக் கண்டாலும், எந்தப் பெரிய மனிசரைக் கண்டாலும் அவவுக்கு ஒரே ஒரு கேள்விதான் வரும். இவர் எதுக்குப் பயப்பிடுகிறார்? கலியாண அல்பம் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடி, பெருவிரலை நீட்டி, மாப்பிள்ளையின் முகத்தை மறைத்துப்போட்டுத்தான் மிச்சத்தைப் பார்ப்பா. முகத்தைப் பார்த்தால் அவன் சொல்லுவதை நம்பிவிடுவோமாம். கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டுமாம்.

அவவின் பேரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால், "என்ர பேரை ஏன் பெரிசா அடிச்சனீ, உனக்கு என்ன பயம்?" என்று கேட்பா. கேட்க அவ இல்லாமல் போய் மூன்று வருஷம். ஆனாலும் எழுதமாட்டேன்.

நாங்கள் இருக்கிற பட்டினம் ரைன் ஆற்றங்கரையில், டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலில் போகிற தூரம். உரோமர் அந்தக் காலத்தில் அங்கே படை வைத்திருந்தவர்கள். வீடு கட்ட மண்ணைக் கிண்டினால் சட்டி, ஆணி, காசு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். வந்ததையெல்லாம் ஒரு மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். ஊர்ச்சனம் ஆராவது என்னிடம் என்ன வேலை என்று கேட்டால், "மியூசியத்தில வேலை" என்று சொல்லுவேன். அதற்குமேல் சொல்லமாட்டேன். பொய் இல்லைத்தானே. கேட்டவர்கள் என்னை மேசைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார்கள் என்றால் அது அவர்கள் பாடு. நான் அங்கே நிலம் துடைத்தேன். கண்ணாடி துடைத்தேன். காலை ஆறு மணிக்குப் போனால் பத்து மணிக்குச் சனத்துக்குக் கதவு திறக்க முன்னம் எல்லாம் மினுங்கவேண்டும்.

அவ ஒன்பதரைக்கு வருவா. அவ அங்கே காவல். கறுப்புக் காற்சட்டை, கறுப்புக் கோட், நெஞ்சில் பேர்ப்பட்டை, இடுப்பில் சாவியும் சாவியுமாய் ஒரு பெரிய திறப்புக்கோர்வை. நடந்தால் ஒரு வண்டில் மாடு வருகிற மாதிரிச் சத்தம் கேட்கும். என்னைவிட மூன்று வயது மூப்பு. நான் "அக்கா" என்பேன். அவ "பிள்ளை" என்பா. முதல் இரண்டு மாதம் அவ்வளவுதான் கதை.

காசு அறை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்காத அறை. காசெல்லாம் சின்னன். சனம் கிட்டப் போய்ப் பார்க்கும். கண்ணாடிப் பெட்டி முழுக்க மூக்கு அடையாளம். ஒவ்வொரு மூக்காகத் துடைத்துக்கொண்டு வந்த ஒரு நாள், தற்செயலாக உள்ளே பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு பித்தளை நிறக் காசு. பின்பக்கம் தெரிய அடியில் சின்னக் கண்ணாடி வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணாடியில் ஒரு பெண் நிற்கிறாள். தலையில் அரசமுடி. ஒரு கையில் நீளத் தடி. தடியின் அடிப்பக்கம் தட்டையாக, ஒரு உருண்டைக்கு மேல் ஊன்றியிருக்கிறது.

நான் அசையாமல் நின்றேன். என்ர கையிலும் அதே தடி, நிலம் துடைக்கிற தடி. எனக்குப் பக்கத்திலும் உருண்டையாக ஒரு வாளி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு அரசி என்னைப் போல நிற்கிறாள், அதையும் காசில் அடித்திருக்கிறார்கள். திறப்புச் சத்தம் கேட்டது. திரும்பாமலே கேட்டேன்.

"அக்கா, அந்தக் காலத்து இராணியள் நிலம் துடைச்சவையோ?"

வேறு ஆராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவ சிரிக்கவில்லை. ஒரு கண்ணை மூடி, பெருவிரலை நீட்டி அந்தப் பெண்ணின் முகத்தை மறைத்தா. கனநேரம் பார்த்தா.

"அது கப்பல் சுக்கான். கீழை இருக்கிறது உலகம். உலகத்தை ஓட்டுறவள் எண்டு கருத்து." பிறகு என்ர கையைப் பார்த்தா. "ஆனா பிடி உன்ர பிடிதான், பிள்ளை."

அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எங்களுக்கு அரை மணித்தியாலம். ஒன்பதரை தொடக்கம் பத்து மட்டும். நான் வேலையை வேகமாக முடித்துவிட்டு ஓடுவேன். அந்த வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஓடினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒவ்வொரு காசும் ஒரு கதவு மாதிரித் திறந்தது. தலையில் கட்டியிருக்கிற இலைமாலை, சண்டையில் வென்றவன் என்று காட்ட. தலையிலிருந்து கதிர் கதிராக நீட்டிக்கொண்டு நிற்கிற கிரீடம், சூரியன் என்ர சொந்தக்காரன் என்று காட்ட. கையில் உருண்டை, உலகம் எனக்குள்ளே என்று காட்ட. உருண்டைக்கு மேல் செட்டை முளைத்த ஒரு சின்னப் பெட்டை மாலையோடு நின்றால், வெற்றி என்னைத் தேடி வருகிறது என்று காட்ட. ஒரு காசில் மரக்குற்றிக்குச் சட்டையும் தொப்பியும் மாட்டி வெருளி மாதிரி நட்டு, அதன் அடியில் ஒரு பெண்ணைக் கை கட்டி இருத்தியிருந்தார்கள். போரில் தோற்ற சனத்தின் பெண்ணாம். அந்தப் பெட்டியில் மட்டும் அவ நிற்கமாட்டா. நானும் கேட்கமாட்டேன்.

இதெல்லாம் விளக்கம் சொல்லுகிற ஆட்கள் சனத்துக்குச் சொல்லுவது. எட்டு வருஷம் மூலையில் நின்று கேட்டு அவவுக்கு மனப்பாடம். ஆனால் அதற்கு மேலே அவ ஒன்று கண்டுபிடித்து வைத்திருந்தா. அதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டு கை கோத்திருக்கிற ஒரு காசு. படையும் அரசனும் ஒற்றுமை என்று காட்ட அடித்தது. "ஒற்றுமையா இருந்தால் ஏன் பிள்ளை காசில அடிக்கவேணும்? நானும் என்ர மனுசனும் ஒற்றுமை எண்டு நான் வாசலில எழுதி ஒட்டியிருக்கிறனோ?" இன்னொரு காசில் ஒரு பெண் ஒய்யாரமாகத் தூணில் சாய்ந்து நிற்கிறாள். நாட்டில் ஒரு பயமும் இல்லை, எல்லாரும் நிம்மதி என்று கருத்தாம். அந்த அரசன் கனநாள் இருக்கவில்லையாம். அவனுடைய ஆட்களே முடித்துவிட்டார்களாம். அவ பல்லைக் காட்டாமல் சிரிப்பா. எது இல்லையோ அதைத்தான் அடிப்பார்கள் என்பது அவவின் கணக்கு.

சுக்கான் பிடித்த பெண்ணைப் பற்றி மட்டும் அவ ஒரு முடிவும் சொன்னதில்லை. கேட்டால், இவளின்ர பயத்தை இன்னும் கண்டுபிடிக்கேல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவா.

இந்தக் கணக்கைக் காசோடு விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. அவ அதை வெளியிலும் கொண்டுவந்தா. கோயில் திருவிழாவில் தலைவர் பட்டுச் சால்வையும், மார்பு மறைக்கிற சங்கிலியும், இரண்டு மாலையுமாக நிற்கிறார். நாங்கள் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில். அவ எனக்கு முன்னால் நின்ற மனிசியின் தோளுக்கு மேலால் பெருவிரலை நீட்டினா. "ரெண்டாவது மாலை எதுக்கு? ஆரோடயோ கொழுவல்." நான் அவவின் கையைப் பிடித்து இறக்கினேன். அடுத்த மாதம் நிர்வாகம் இரண்டாக உடைந்தது. அதற்குப் பிறகு எங்கள் சனத்துக்கு இது ஒரு விளையாட்டாகப் போய்விட்டது. எந்த விழாவுக்குப் போனாலும் பெண்டுகள் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு பெருவிரலை நீட்டுவார்கள். அவவுக்கும் அதில் ஒரு பெருமை. கேட்கிறவர்களுக்கெல்லாம் காட்டிக் கொடுத்தா.

என்னிடமும் ஒரு நாள் நீட்டினா. அன்றைக்கு நான் இரண்டு கையிலும் ஆறாறு காப்புப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தேன். காப்போடு வாளி தூக்கினால் சத்தம் கேட்கும்தானே. அவ என்ர முகத்தை மறைத்துக் கையை மட்டும் பார்த்தா.

"என்ன கடிதம் வந்தது?"

பேக்குக்குள் மூன்று நாளாக ஒரு கடிதம் கிடந்தது. நான் ஊரில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், இப்போது எழுதுவது போல ஆறுதலாக எழுதுவேன். ஜேர்மன் எழுத்து எனக்கு இன்றைக்கும் எறும்பு ஊர்கிற மாதிரித்தான். கடிதம் வந்தால் மகன் வரும்வரை காத்திருப்பேன். அவன் வேலை அலுவலாக வெளியூர் போயிருந்தால், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். எனக்கு அந்த நாட்களில் கண்ணாடியே இல்லை. வாசிக்கத் தெரியாது என்று இந்த நாட்டில் ஒருவருக்கும் தெரியாமல் முப்பது வருஷம் நான் நிமிர்ந்து நடந்தவள். கடிதம் வந்த நாட்களில் காப்புக் கூடுகிறது என்று எனக்கே தெரியாது. அவ கண்டுபிடித்துவிட்டா.

கடிதத்தைக் கொடுத்தேன். அவ அதைத் தனக்கு வந்த கடிதம் மாதிரி, தனக்குள் முணுமுணுக்கிற மாதிரி, எனக்குக் கேட்கத்தக்கதாக வாசித்தா. கண் வைத்தியரிடம் ரேர்மின், இன்ன நாள் இன்ன நேரம் வா என்கிறது, அவ்வளவுதான். மடித்துத் தந்தா. தெரியாதோ என்று கேட்கவில்லை. காசுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னா:

"இதெல்லாம் வாசிக்கத் தெரியாத சனத்துக்கு அடிச்சது, பிள்ளை. மீன்காரிக்கும் படைக்காரனுக்கும் எழுத்துத் தெரியுமோ? படம் தெரியும். உன்னை மாதிரி ஆக்கள் வாசிக்கவெண்டுதான் அரசன் இவ்வளவு பாடுபட்டவன்."

அரசன் எனக்காகப் பாடுபட்டவன். அன்று பஸ்சில் வரும்போது அதைத் திருப்பித் திருப்பி நினைத்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அவவைப் பற்றியும் எனக்கு ஒன்று தெரியும். அந்தத் திறப்புக்கோர்வை. ஒரு நாள் கதிரையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனவ. மேல்மாடி அலுமாரி பூட்டிக் கிடந்தது. அவவிடம் இருக்கும்தானே என்று எடுத்துப் பார்த்தேன். பதினேழு திறப்பு. ஒன்றும் அந்த அலுமாரிக்குப் பொருந்தவில்லை. ஒன்றும் அந்தக் கட்டிடத்தில் எந்தக் கதவுக்கும் பொருந்தவும் முடியாது. கதவெல்லாம் அட்டை காட்டினால் திறக்கிற கதவு. ஒன்று சைக்கிள் பூட்டுத் திறப்பு, ஒன்று கடிதப்பெட்டித் திறப்பு. மிச்சம் சந்தையில் வாங்கின பழைய இரும்பு. நான் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். என்ர எழுத்தைப் பற்றி அவ ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, அவவின் கோர்வையைப் பற்றி நானும் திறக்கவில்லை. அப்படி ஐந்து வருஷம் ஓடியது.

பிறகு எனக்கு அறுபது வந்தது. மகன் டுசல்டோர்ஃபில் ஒரு சோடினைக்காரரிடம் மண்டபம், சிம்மாசனக் கதிரை, தலைக்கு இராணி முடி எல்லாம் சொல்லிப்போட்டான். முந்நூறு பேர். வருகிறவர்களுக்குக் கொடுக்க, பொன் தாள் சுற்றிய சொக்கிலேட் காசு. ஒரு பக்கம் என்ர முகம்.

"பின்பக்கம் என்ன போட, அம்மா? விரும்பின படம் அடிப்பினமாம்."

என்ர முகத்தோடு ஒரு காசு. எனக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. மியூசியத்தில் எத்தனை அரசர், எத்தனை அரசி, இப்போது நான். கழுகு வேண்டாம், சிங்கம் எல்லாரும் போடுவது. யோசித்து யோசித்து ஒன்றைப் பிடித்தேன். விரித்த புத்தகமும் ஒரு இறகுப் பேனையும். மகன் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் படமாகக் கீறித் தந்தான். அவ்வளவு வடிவு. அடுத்த நாள் ஒன்பதரைக்கு அவவின் கையில் கொடுத்தேன்.

அவ பெருவிரலைப் படத்தில் இருந்த என்ர முகத்தில் வைத்தா. புத்தகத்தைப் பார்த்தா. நான் புகழ்ச்சிக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

"இதைப் போடாதை, பிள்ளை."

"ஏன்?"

"வாற சனத்துக்குப் பெருவிரல் நீட்டக் காட்டிக் குடுத்தது நான்தான். கண்ட உடனை வாசிச்சுப்போடுவினம்." அவ குரலை இறக்கினா. "தடியைப் போடு. உருண்டைக்கு மேலை."

இத்தனை வருஷம் மறைத்ததை இவ வெளியில் எடுத்து, அதற்கு மேல் வாளியும் தடியும் வைக்கப் பார்க்கிறா. சனத்துக்கு முன்னால் என்னைக் கூட்டுகிறவள் என்று காட்டச் சொல்லுகிறா. வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"உங்கட கோர்வையில பதினேழு திறப்பு. எந்தக் கதவைத் திறக்கும், அக்கா? நீங்கள் எதுக்குப் பயப்பிடுறீங்கள்?"

கோர்வையைக் கையால் பொத்திப் பிடித்தா, சத்தம் வராமல். அப்படியே பொத்திக்கொண்டு தன்ர கதிரைக்கு நடந்து போனா. அந்த அறையில் அவ சத்தமில்லாமல் நடந்து நான் கண்டது அதுதான் முதல் தரம்.

இரண்டு கிழமை நாங்கள் கதைக்கவில்லை. நான் ஒன்பதே காலுக்கே வெளிக்கிட்டுவிடுவேன்.

திங்கட்கிழமை மியூசியம் பூட்டு. அன்றைக்குப் பெரிய துடைப்பு, நான் தனிய. காசு அறையில் சுக்கான்காரிக்கு முன்னால் நின்றபோது சட்டைப் பையில் மடித்த படம் தட்டுப்பட்டது. எடுத்தேன். ஒருவரும் இல்லைத்தானே. ஒரு கண்ணை மூடி, என்ர முகத்தை நானே பெருவிரலால் மறைத்தேன்.

மிச்சம் இருந்தது ஒரு புத்தகம். நான் வாசிக்கமுடியாத புத்தகம். விரலை எடுத்தேன். அந்தப் புத்தகத்தை நெஞ்சுக்கு முன்னால் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நடுங்குகிறாள். தூணில் சாய்ந்தவளை விட மோசம். இதை முந்நூறு பேர் கையில் கொடுக்க இருந்தேன்.

வேலை நேரத்தில் நான் போன் எடுத்ததில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் நின்றே மகனுக்கு எடுத்தேன்.

"அம்மா, உங்களுக்கு விசரோ? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உருண்டையை மறந்துபோடாதை."

விழாவன்று தலையில் முடியை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அதை நான் விடவில்லை. அறுபது வருஷத்துக்கு ஒரு முடி எனக்குக் காணும். அவவுக்கு அழைப்பு அனுப்பியிருந்தேன். பதில் இல்லை. ஒவ்வொரு தரம் கதவு திறக்கும்போதும் திறப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். மேளம், பிள்ளைகள், வீடியோக்காரர், எல்லாம் கேட்டது. அது கேட்கவில்லை.

அறிவிப்பாளர் தம்பி ஒலிவாங்கியில் காசைத் தூக்கிக் காட்டினார். அவருக்கு நல்ல குரல். "முன்பக்கம் எங்கள் அம்மாவின் திருமுகம். பின்பக்கம் உலக உருண்டைக்கு மேலே அம்மாவின் செங்கோல்." சனம் கை தட்டியது.

செங்கோல். அந்த நேரம் நான் சும்மா இருந்திருந்தால் அது செங்கோலாகவே போயிருக்கும். ஒருவரும் சிரித்திருக்கமாட்டார்கள். மகன் என்னைப் பார்த்தான், விட்டுவிடுங்கோ அம்மா என்கிற பார்வை. அங்கங்கே மேசைகளில் பெருவிரல்கள் எழும்புவதைக் கண்டேன். கையை நீட்டி ஒலிவாங்கியைக் கேட்டேன்.

"தம்பி, அது செங்கோல் இல்லை. நிலம் துடைக்கிற தடி. நான் மியூசியத்தில ஏழு வருஷமா நிலம் துடைக்கிறன். எனக்கு ஜேர்மன் எழுத்து ஒண்டும் தெரியாது. உரோமக் காசு மட்டும் வாசிப்பன். சாப்பிட்டுட்டுப் போங்கோ."

பிறகு பின் மேசையில் ஆரோ ஒரு மனிசி, எங்களோடு துப்பரவு வேலை செய்தவ, எழும்பி நின்று கை தட்டினா. பிறகு எத்தனை பேர் தட்டினார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஏனென்றால் அவ எனக்குப் பக்கத்தில் நின்றா. வந்தது கேட்கவே இல்லை. நல்ல பச்சைப் பட்டுச்சீலை. இடுப்பில் ஒன்றும் இல்லை.

"எப்ப வந்தனீங்கள், அக்கா?"

"செங்கோல் எண்டு சொல்ல முன்னமே வந்திட்டன்."

தட்டிலிருந்து ஒரு காசை எடுத்தா. ஒரு கண்ணை மூடினா. பெருவிரலால் முகத்தை மறைத்தா, திருப்பினா, தடியைப் பார்த்தா, உருண்டையைப் பார்த்தா. திரும்பவும் முகத்துக்கு வந்து விரலை எடுத்தா. சிம்மாசனத்தில் முடியோடு இருந்துகொண்டு, ரேர்மினுக்குப் போன ஆள் மாதிரி நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"சுக்கான்காரி மாதிரித்தான், பிள்ளை," என்றா. "இதிலயும் எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை."

சொல்லிவிட்டுப் பொன் தாளை மெதுவாக உரித்தா. என்ர முகம் இருந்த பக்கமாகத் திருப்பி, மூக்கிலிருந்து கடித்துச் சாப்பிட்டா.